பாடசாலை அணியில் கோல் அடித்த தம்பி, கழகத்தின் முதல் அணியில் பந்தைக் கேட்கவே தயங்குகிறான்

பேசாலை மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உதைபந்தாட்டத்தைப் பார்வையாளர் பக்கத்திலிருந்து மட்டுமே அறிந்தவள் நான். ஆடியவர்களும் பயிற்றுவித்தவர்களும் இங்கே இருப்பதால் இதைக் கேட்கிறேன்.

என் தம்பிக்கு வயது 18. மன்னாரில் பாடசாலை அணிக்கும் ஊர்க் கழகத்துக்கும் இடது விளிம்பில் ஆடி, எதிரணியின் பின்கள வீரர்களைத் தன் வேகத்தாலேயே கடந்து சென்று கோல் அடித்துப் பழகியவன். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கொழும்பிலுள்ள ஒரு கழகம் அவனைத் தன் முதல் அணியில் பதிவுசெய்தது. நான் கொள்ளுப்பிட்டியில் கணக்காய்வு வேலை பார்ப்பதால், கொட்டாஞ்சேனையில் நான் எடுத்திருக்கும் அனெக்ஸிலேயே அவனும் தங்கியிருக்கிறான்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது. பயிற்சியில் பயிற்றுவிப்பாளர் அவனைப் பாராட்டியதாக வேறு வீரர்களே எனக்குச் சொன்னார்கள். ஆனால் போட்டிகளில் அவனைக் கடைசி இருபது நிமிடங்களுக்குத்தான் இறக்குகிறார்கள். ஓர் ஆட்டத்தில் எங்கள் பாதியிலேயே இருவரைக் கடக்க முயன்று பந்தைப் பறிகொடுத்தான். அதிலிருந்து எதிரணி கோல் போட்டது. அணியின் மூத்த பின்கள வீரர் அனைவருக்கும் முன்னால் அவனைக் கடிந்துகொண்டார். அதன்பின் அவன் ஆடும் விதமே மாறிவிட்டது. பந்து வந்தால் ஒரு தொடுகையில் பின்னுக்குக் கொடுத்துவிடுகிறான். சில வேளைகளில் பந்து தன்னிடம் வராதபடி எதிரணி வீரருக்குப் பின்னால் போய் நிற்பதுபோலவும் எனக்குத் தெரிகிறது. வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை.

இதற்கிடையில் ஊர்க் கழகம் அழைத்தால் வெள்ளி இரவு பஸ் ஏறி மன்னாருக்குப் போய்ச் சுற்றுப்போட்டியில் ஆடிவிட்டு ஞாயிறு இரவு பஸ்ஸில் திரும்புகிறான். வார நாட்களில் இங்குள்ள சில அலுவலக அணிகளுக்கு ஐவர் ஆட்டமும் ஆடுகிறான், அதில் சிறிது பணம் கிடைக்கிறது. வெளிநாட்டுக்குப் போகும் வழியைப் பார் என்று அப்பா தொலைபேசியில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

இந்தத் தடுமாற்றம் இயல்பானதா? ஒரு படி கீழேயுள்ள கழகத்துக்கு மாறித் தொடர்ந்து ஆடுவது நல்லதா? நான் பயிற்றுவிப்பாளரைச் சந்தித்துப் பேசினால் அவனுக்கு உதவியாக இருக்குமா, அல்லது அவமானமாகிவிடுமா?

பழைய இடது பின்களம் எழுதியது:

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து நீங்கள் போய்ப் பேச வேண்டாம். பாடசாலையில் பெற்றோர் ஆசிரியரைச் சந்திப்பது வழக்கம். கழகத்தின் உடைமாற்றும் அறையிலோ அக்கா வந்து பேசிய செய்தி அன்று மாலையே எல்லோருக்கும் தெரிந்துவிடும். தம்பிதான் கேட்க வேண்டும், அதுவும் "என்னை ஏன் இறக்குவதில்லை" என்றல்ல. "எங்கள் இடது பின்கள வீரர் மேலே ஓடும்போது நான் உள்ளே வர வேண்டுமா, விளிம்பிலேயே நிற்க வேண்டுமா" என்பதுபோல, ஒரே சொல்லில் பதில் கிடைக்கக்கூடிய ஒரு கேள்வியைப் பயிற்சி முடிந்து பந்துகளைப் பொறுக்கும் நேரத்தில் கேட்கட்டும். அப்படிக் கேட்கும் பையனை எந்தப் பயிற்றுவிப்பாளரும் மறப்பதில்லை.

இனி விடயத்துக்கு வருகிறேன். நீங்கள் விவரித்ததை எல்லோரும் பயம் என்பார்கள். எனக்கு அது நேரப் பற்றாக்குறையாகத்தான் தெரிகிறது. பாடசாலை ஆட்டத்தில் வேகமுள்ள ஒரு பையன் பந்தை நிறுத்தி, தலையை நிமிர்த்தி, என்ன செய்யலாம் என்று பார்த்து, பிறகு ஓடலாம். முப்பது வயதான வலது பின்கள வீரர் அவனோடு ஓட்டப் போட்டிக்கு வரமாட்டார். தனக்கு வேகம் குறைந்துவிட்டது என்பது அவருக்கே தெரியும். ஆகவே பந்து இவனை நோக்கிப் புறப்படும்போதே நெருங்கி வந்து, இவன் திரும்ப முடியாதபடி முதுகோடு ஒட்டி நிற்பார். அல்லது ஓரடி விலகி நின்று எல்லைக்கோட்டுப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு, அங்கே ஓடவைத்து, கோட்டுக்கு வெளியே தள்ளிவிடுவார். அவரை வெல்ல வேண்டுமானால், பந்து காலுக்கு வருமுன்னரே முடிவு எடுத்திருக்க வேண்டும்.

அதற்கு வழி, பந்து வரும்வரை தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துக்கொண்டே இருப்பதுதான். நோர்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட் இங்கிலாந்து பிரிமியர் லீக் மத்தியகள வீரர்களைத் தனித்தனியாகக் காட்டும் காணொளிகளை ஆராய்ந்தபோது, பந்து கிடைப்பதற்கு முன் அடிக்கடி சுற்றிலும் பார்த்தவர்களின் பந்துப் பரிமாற்றங்களே அதிகமாக இலக்கை அடைந்தன. செல்சி வீரர் ஃபிராங்க் லாம்பார்ட் அப்படிப் பார்ப்பவர்களின் வரிசையில் முன்னணியில் இருந்தார். அவர் வேகத்துக்குப் பெயர்பெற்ற வீரர் அல்லர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் உதவ விரும்பினால் இதில் உதவலாம். அடுத்த ஆட்டத்தில் தொலைபேசியில் பந்தைப் படம்பிடிக்காமல், அவனை மட்டும் இடைவிடாமல் படம்பிடியுங்கள். வீட்டில் இருவருமாக அமர்ந்து, பந்து அவனிடம் வருவதற்கு முந்தைய சில நொடிகளில் அவன் தலை எத்தனை முறை திரும்புகிறது என்று மட்டும் பாருங்கள். "ஏன் பந்தை விட்டாய்" என்ற பேச்சே அங்கே எழக்கூடாது. பயிற்சிக்குச் சுவர் ஒன்று போதும்: அவன் சுவரில் பந்தை உதைக்க, அது திரும்பி வரும் இடைவெளியில் நீங்கள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள், பந்தைத் தொடுமுன் அவன் எண்ணைச் சொல்ல வேண்டும். சிறுபிள்ளை விளையாட்டுப்போல் தோன்றினாலும், இதைச் செய்துபார்க்கும் பையன்கள் முதல் நாளில் திணறிப்போவார்கள்.

பின்னுக்குக் கொடுக்கிறான் என்று வருந்தாதீர்கள். சொந்தப் பாதியில் அதுவே சரியான ஆட்டம். அந்த மூத்த வீரர் கடிந்துகொண்டதற்கான காரணமும் இடம்தான், துணிச்சல் அல்ல. அதே இருவரை எதிரணியின் பெனால்டிப் பெட்டிக்கு அருகில் கடக்க முயன்று பறிகொடுத்திருந்தால் அவர் வாய் திறந்திருக்கமாட்டார். ஆகவே களத்தை மூன்றாகப் பிரித்து மனதில் வைத்துக்கொள்ளட்டும்: தங்கள் கோலுக்கு அருகிலுள்ள பகுதியில் ஒரு தொடுகை, இரண்டு தொடுகை, நடுவில் முகத்தைத் திருப்ப இடம் இருந்தால் மட்டும் திரும்புதல், கடைசிப் பகுதியில் மன்னாரில் ஆடியதுபோலவே ஆடுதல். அங்கே பறிகொடுத்தால் உடனே துரத்த வேண்டும். மூத்தவர்கள் ஓர் இளையவனை எடைபோடுவது பந்தை இழந்த பிறகு வரும் அந்த ஐந்து நொடிகளில்தான். தலையில் கைவைத்து நிற்கிறானா, திரும்பி ஓடுகிறானா என்பதைத்தான் பார்ப்பார்கள். தனக்குப் பின்னால் ஆடும் இடது பின்கள வீரரை அவன் நண்பராக்கிக்கொள்ளட்டும். நானும் அந்த இடத்தில் ஆடியவன் என்பதால் இதில் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கலாம். ஆனாலும், தன்னைக் காப்பாற்றத் திரும்பி ஓடிவரும் பையனுக்கு அடுத்த பந்தைக் கொடுப்பவர் அவர்தான்.

தடுமாற்றம் இயல்பானதா என்று கேட்டீர்கள். வேல்ஸ் வீரர் கரெத் பேல் 2007 இல் இங்கிலாந்தின் டொட்டன்ஹாம் கழகத்துக்கு வந்தபின், அவர் ஆடிய முதல் 24 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட அந்த அணி வெல்லவில்லை. அவரை ராசியில்லாதவர் என்றே பேசினார்கள். 2009 செப்டெம்பரில் பேர்ன்லியை 5-0 என்று வென்ற ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அவரை இறக்கியபோதுதான் அந்தத் தொடர் முடிந்தது. உங்கள் தம்பியும் இடது காலால் ஆடுபவன் என்றால் அவனுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

தெகிவளை பிசியோ எழுதியது:

மேலே எழுதியவர் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சகோதரி போகிற போக்கில் எழுதிய ஒரு பத்திதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கழகப் பயிற்சி, கழக ஆட்டம், அலுவலக அணிகளின் ஐவர் ஆட்டம், இவற்றோடு இரவு பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி மன்னாருக்குப் போய்ச் சுற்றுப்போட்டியில் ஒரே நாளில் பல ஆட்டங்கள், மறுபடியும் இரவு பஸ். திங்கட்கிழமை பயிற்சிக்கு வரும் அந்தப் பையனைப் பார்த்து "உற்சாகம் இல்லை" என்று பயிற்றுவிப்பாளர் முடிவு கட்டிவிடுவார். பந்தைக் கேட்கத் தயங்குவதில் ஒரு பங்கு களைப்பாகவும் இருக்கலாம்.

18 வயது உடல் வளர்ந்த ஆணின் உடல்போல் தோன்றினாலும், தசையும் தசைநாரும் முதல் அணியின் சுமையைத் தாங்கப் பழக இன்னும் காலம் எடுக்கும். விளிம்பில் ஆடும் வேகமான பையன்களுக்கு முதலில் சேதப்படுவது பெரும்பாலும் பின்தொடைத் தசைதான். இங்கிலாந்து வீரர் மைக்கேல் ஓவன் 1999 ஏப்ரலில் லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் பின்தொடைத் தசையைக் கிழித்துக்கொண்டபோது அவருக்கு வயது 19. அதற்குப் பின்னரும் 2001 இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தை வென்றார் என்பது உண்மை. ஆனால் பழைய வேகம் முழுமையாகத் திரும்பவில்லை என்று அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். ஸ்பெயின் வீரர் பெட்ரி 2020-21 பருவத்தில் பார்சிலோனா, ஐரோப்பியக் கிண்ணம், டோக்கியோ ஒலிம்பிக் என்று எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடினார். அடுத்த பருவத்தின் பெரும்பகுதியைத் தொடைத் தசைக் காயம் தின்றது. தனி விமானமும் மருத்துவர் குழுவும் உள்ளவர்களுக்கே இந்த நிலை.

ஆகவே ஐவர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கடினமான செயற்கைத் தரையில், நொடிக்கொரு முறை நின்று திரும்பும் ஆட்டம் அது. பணம் தேவைதான் என்பது புரிகிறது. ஆனால் கழகத்தில் ஒப்பமிட்டவன் வெளியே ஆடி முழங்காலை உடைத்துக்கொண்டால் செலவை யார் ஏற்பார்கள் என்று அந்த அலுவலக அணிகளிடம் கேட்டுப் பாருங்கள். ஊர்ச் சுற்றுப்போட்டியை ஊர்ப்பற்றுக் காரணமாக முற்றாக விடமுடியாது என்றால், கழக ஆட்டம் இல்லாத வார இறுதியில், பயிற்றுவிப்பாளரின் அனுமதியோடு மட்டும் போகட்டும். இரு முழு ஆட்டங்களுக்கு இடையில் குறைந்தது மூன்று நாட்களாவது இருக்க வேண்டும்.

பிஃபா வெளியிட்ட "11 பிளஸ்" என்ற தயார்ப் பயிற்சியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஏறத்தாழ இருபது நிமிடம் எடுக்கும். மண்டியிட்டு, ஒருவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னால் சாய்க்கும் பின்தொடைப் பயிற்சியும் அதில் அடங்கும். நோர்வேயில் இளம் வீராங்கனைகளிடம் நடத்தி 2008 இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன. கழகத்தில் இதைச் செய்வதில்லை என்றால் அவன் சற்று முன்னதாகப் போய்த் தனியாகவே செய்யலாம்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சோற்றுக்குக் குறைவிருக்காது, முட்டை, மீன், பருப்பு, அவித்த கடலை ஆகியவை ஒவ்வொரு வேளையிலும் ஏதாவதொரு விதத்தில் தட்டில் இருக்கட்டும். கொழும்பின் புழுக்கத்தில் பிற்பகல் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடையை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் வெளியேறியிருக்கிறது. அதற்கு ஒன்றரை லீற்றராவது, ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூளோ உப்பிட்ட தேசிக்காய்ச் சாறோ சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உடல் மெலிவாக இருக்கிறது என்று யாராவது புரதத்தூள் டப்பா ஒன்றைக் கொடுத்தால் வாங்க வேண்டாம். தூளில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்து பரிசோதனையில் பிடிபட்டால், தெரியாமல் குடித்தேன் என்ற பதில் அவனைக் காப்பாற்றாது. தொடையில் ஏற்கெனவே இழுப்பு இருந்தால் கொழும்பு 7 இலுள்ள விளையாட்டு மருத்துவ நிறுவனத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மைதான மூலை எழுதியது:

இருவரும் பொறுத்திருக்கச் சொல்வதுபோல் தெரிவதால் எதிர்ப்பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். கீழேயுள்ள கழகத்துக்குப் போகட்டும். குரோஷிய வீரர் லூகா மொட்ரிச்சை டினாமோ ஸாக்ரெப் கழகம் 18 வயதில் பொஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி அணிக்கு இரவலாக அனுப்பியது. மெலிந்த அந்தப் பையன் முரட்டு ஆட்டம் ஆடும் லீக்கில் ஒரு பருவம் முழுவதும் அடிபட்டுப் பழகித் திரும்பினார். இங்கிலாந்து வீரர் ஹரி கேனை டொட்டன்ஹாம் நான்கு கழகங்களுக்கு இரவலாக அனுப்பியது. இருபது நிமிடம் ஆடிக் கற்பதைவிடத் தொண்ணூறு நிமிடம் ஆடிக் கற்பது அதிகம்.

அத்தோடு நம் நாட்டு நிலைமையையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் பருவம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே 2023 ஜனவரியில் பிஃபா நம் உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட்டில்தான் தடையை நீக்கியது. அந்த மாதங்களில் வளர்ந்துகொண்டிருந்த பையன்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. நிற்கும், தொடங்கும், மறுபடி நிற்கும் ஒரு லீக்கில் மாற்று வீரர் வாங்கில் ஒரு பருவத்தைக் கழிப்பது எனக்கு வீணாகத் தோன்றுகிறது. அப்பாவின் கவலையையும் தள்ளிவிட முடியாது. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள் வேலையும் சம்பளமும் சேர்த்துத் தருகின்றன. மற்றக் கழகங்களில் பெரும்பாலும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் கிடைக்கும். படை, பொலிஸ் அணிகளின் வழியில் போக ஒரு மன்னார்ப் பையனுக்கு மனம் வருமா என்பது வேறு கேள்வி, அதை அவர்களே பேசி முடிவெடுக்கட்டும்.

பழைய இடது பின்களம் எழுதியது:

மைதான மூலை அண்ணர் சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். ஆனால் ஹரி கேனின் கணக்கை முழுவதுமாகப் பார்க்க வேண்டும். இரவலாகப் போன கழகங்களில் மில்வோலில் தொடர்ந்து ஆடி வளர்ந்தார்; நோர்விச்சிலோ பாதத்தில் எலும்பு முறிந்து, சில ஆட்டங்களோடு திரும்பினார். போகும் இடத்தில் இவனை இடது விளிம்பிலேயே, முதல் பதினொருவரில் ஆடவைப்பார்கள் என்று அங்குள்ள பயிற்றுவிப்பாளர் வாயால் சொல்லாதவரை மாறுவதில் பயனில்லை. பிஃபா விதிப்படி ஒரு வீரர் ஒரு பருவத்தில் மூன்று கழகங்களில் பதிவு பெறலாம். ஆனால் உத்தியோகபூர்வ ஆட்டங்களில் இரண்டு கழகங்களுக்குத்தான் ஆடலாம். ஆகவே அவசரத்தில் ஒருமுறை மாறிவிட்டால், அந்தப் பருவத்தில் வேறு புதிய கழகத்துக்கு ஆட வழியில்லை.

வாங்கில் இருப்பதும் முன்போல் இல்லை. ஐந்து மாற்று வீரர்களை அனுமதிக்கும் ஏற்பாடு 2022 இலிருந்து ஆட்ட விதிகளில் நிரந்தரமாகிவிட்டது. அதைப் பின்பற்றும் போட்டிகளில் பயிற்றுவிப்பாளர் முதலில் மாற்றுவது பெரும்பாலும் ஓடிக் களைத்த விளிம்பு வீரர்களைத்தான். எதிரணியின் வலது பின்கள வீரர் எழுபதாவது நிமிடத்தில் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கும்போது இறங்குவது, வேகமுள்ள பையனுக்குத் தண்டனை அல்ல. இப்போது அவனுக்குக் கிடைக்கும் இருபது நிமிடங்கள் அப்படிப்பட்டவை. வாங்கில் இருக்கும் நேரத்தில் அந்த வீரரை மட்டும் கவனிக்கட்டும்: எந்தக் காலால் தடுக்கிறார், மேலே ஓடிய பிறகு திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்கிறார், பந்து அவருக்குப் பின்னால் விழுந்தால் எந்தப் பக்கம் திரும்புகிறார்.

பேசாலை மகள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு இதை அவனிடமே வாசிக்கக் கொடுத்தேன். ஐவர் ஆட்டப் பகுதியில் முகம் சுளித்தான். விரல் காட்டும் பயிற்சியை அனெக்ஸ் முற்றத்தில் அப்போதே செய்ய வேண்டும் என்றான், வீட்டுக்காரர் தூங்கிவிட்டதால் தள்ளிவைத்தோம். அதற்குப் பிறகுதான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னான். களத்தில் மூத்தவர்கள் சிங்களத்தில் கத்துவது தன்னைத் திட்டுகிறார்களா, எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறார்களா என்பது அவனுக்குப் பாதி நேரம் விளங்குவதில்லையாம். விளங்காதபோதெல்லாம் திட்டு என்றே எடுத்துக்கொள்கிறானாம். இதற்கு என்ன செய்வது? இன்னொன்று, படம்பிடிக்க நான் எங்கே நிற்க வேண்டும்?

பழைய இடது பின்களம் எழுதியது:

இது நல்ல செய்தி, சகோதரி. களத்தில் பயன்படும் சொற்கள் மிகக் குறைவு. திரும்பு, பின்னால் ஆள், விடு, உள்ளே வா, கோட்டோடு நில், நேரம் இருக்கிறது என்பவற்றைத் தாண்டி அதிகம் இல்லை. அணியில் தமிழ் பேசும் முஸ்லிம் வீரர்கள் கட்டாயம் இருப்பார்கள், கொழும்புக் கழகங்களில் அது எப்போதும் உள்ளதுதான். அவர்களில் ஒருவரிடம் அந்தச் சொற்களைச் சிங்களத்தில் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பிறகு அதே சொற்களை அவனும் களத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டும். இடது பின்கள வீரருக்குப் பின்னால் ஆள் வருவதை இவன் கத்திச் சொன்னால், உச்சரிப்பு எப்படி இருந்தாலும் அவர் திரும்பிப் பார்ப்பார். கடிந்துகொண்ட அந்த மூத்த வீரரிடமே போய், "நீங்கள் கத்தும்போது நான் எங்கே நிற்க வேண்டும்" என்று கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கு உடைந்த சிங்களம் போதும்.

படம்பிடிக்க, உங்கள் அணியின் வாங்குக்கு எதிர்ப்பக்கத்தில், கிடைக்கும் மிக உயரமான படியில் நில்லுங்கள். சுகததாச அரங்கில் என்றால் ஓட்டப் பாதை களத்தைத் தள்ளி வைத்துவிடும், ஆகவே தொலைபேசியைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பிடிக்க வேண்டும். அவனும் அவனுக்கு மிக அருகிலுள்ள எதிரணி வீரரும் எப்போதும் ஒரே சட்டத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பந்து எங்கே போகிறது என்று பார்க்க ஆசை வரும், பார்க்காதீர்கள்.